நாரையைப் பார்க்காதவர்

மார்ச் முதல் தேதி கையில் கட்டிக்கொள்ளும் சிவப்பும் வெள்ளையுமான நூலை, முதல் நாரையைப் பார்த்ததும் அவிழ்த்துப் பூத்த மரம் ஒன்றில் கட்டிவிட வேண்டும். எங்கள் ஊரில் நடை பழகும் குழந்தைக்கும் இது தெரியும். அந்த வருஷம் ஊரிலேயே முதல் நாரையைப் பார்த்தவர் என் அப்பா. ஏப்ரல் பிறந்த பிறகும் நூலை அவிழ்க்காமல் திரிந்தவரும் அவர்தான்.

அப்பா லைன்மேன். பெயர் டோப்ரி. நாரைகள் தெற்கிலிருந்து டான்யூப் கரைக்கு வந்து சேர்வதற்குள் மின்கம்பங்களின் உச்சியில் இரும்புத் தட்டுகளைப் பொருத்தி, கம்பிகளின் மேல் சரிந்து கிடக்கும் பழைய கூடுகளை அவற்றுக்கு மாற்றி வைக்க வேண்டும். கம்பியில் கூடு இருந்தால் நாரையும் கருகும், ஊரும் இருட்டாகும். அதனால் ஒவ்வொரு மார்ச்சிலும் அப்பா கம்பங்களின் மேல்தான் குடியிருப்பார். நாரை வந்ததும் முதலில் விசாரிப்பது டோப்ரியைத்தான் என்று அவருடைய கூட்டாளி பென்கோ மாமா சொல்வார்.

அந்தக் குளிர்காலத்தில் அப்பா ஆங்கிலம் படிக்கத் தொடங்கியிருந்தார். ஸ்காட்லாந்தில் ஒரு மின்சாரக் கம்பெனி ஆள் எடுப்பதாகத் தகவல் வந்திருந்தது. கம்பம் ஏறத் தெரிந்தால் மட்டும் போதாது, பேசவும் தெரிய வேண்டும். கம்ப்யூட்டர் வழியாக நேர்காணல் நடக்கும். தேறிவிட்டால் மே மாதம் புறப்பாடு.

"ரெண்டே வருஷம்மா," என்றார் என்னிடம். "சட்டுனு போயிரும்."

எங்கள் வீடு இந்த வார்த்தையை முன்பே கேட்டிருக்கிறது. ஸ்பெயினுக்கு ஸ்ட்ராபெரி பறிக்கப் போனபோது அம்மாவும் இதையேதான் சொன்னாள். இப்போது அவளுக்கு அங்கே வேறு கணவர் இருக்கிறார், சின்னப் பையன் ஒருவன் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு ஃபோன் செய்வாள். பின்னணியில் அந்தப் பையன் எதற்காகவோ அழுதுகொண்டிருப்பான்.

அப்பா போக நினைத்தது எனக்காக. வீட்டில் எனக்குப் பேச்சு வரும். நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் தொண்டை பூட்டிக்கொள்ளும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். மணி அடிக்கும்வரை நின்றேன், ஒரு சொல்கூட வரவில்லை. அதன் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. பேக்கரியின் பின்கட்டில், பாலாடைக்கட்டி வைத்துச் சுடும் பனிட்சாவுக்கு மாவை மெல்லிய தாளாக இழுப்பது இப்போது என் வேலை. மாவு என்னைக் கேள்வி கேட்காது. வெளிநாட்டில் இதற்கென்றே டாக்டர்கள் இருக்கிறார்கள் என்று யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். முதலில் அவர் போய்க் காலூன்றுவது, அதுவரை நான் ரூசே நகரத்தில் அத்தை வீட்டில் இருப்பது, பிறகு என்னை அழைத்துக்கொள்வது என்று அவராகவே திட்டம் போட்டிருந்தார்.

வேண்டாம் அப்பா என்று நான் சொல்லியிருக்கலாம். வீட்டில்தான் பேச்சு வருமே. ஆனால் நமக்காக ஒருவர் கஷ்டப்படத் துணிந்து நிற்கும்போது அந்தச் சொல்லை எந்தப் பக்கமிருந்து எடுப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

ஆங்கில வகுப்பு ஊர் வாசகசாலையின் மாடியில் சாயங்காலங்களில் நடந்தது. அப்பாவைத் தவிர எல்லாரும் பெண்கள். இங்கிலாந்தில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகத் தயாராகிறவர்கள். தனியாக அங்கே நுழைய வெட்கப்பட்டு அப்பா என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"பொண்ணு படிக்கணும்னு ஆசைப்பட்டா. சும்மா துணைக்கு வந்தேன்," என்றார் வாசலில் நின்றபடியே.

"யாருக்கு யாரு துணைன்னு முகத்தப் பாத்தாலே தெரியுது," என்றாள் ஸ்டோய்கா அக்கா. அவள் வாய்க்கு ஊரில் யாரும் தப்ப முடியாது. "உள்ள வாங்கண்ணே. கம்பத்துல ஏறுற ஆளு, பொம்பளைங்களப் பாத்து நடுங்குறாரு பாருங்கடி!"

டீச்சர் பெயர் விஹ்ரா. ரூசேயிலிருந்து மாற்றலாகி வந்து தபால் நிலையத்துக்கு மேலே ஓர் அறையில் தனியாக இருந்தார். வாசகசாலையில் குளிருக்கு வைத்திருந்த அடுப்பு எப்போதும் புகையை மட்டுமே கொடுக்கும் என்பதால் விரல் நுனிவரை மூடும் கம்பளி ஸ்வெட்டர் போட்டிருப்பார். முதல் நாளே என்னிடம் வந்து, ஒன்றும் கேட்காமல், கையில் ஒரு சாக்கட்டியை வைத்தார்.

"என் கையெழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்கும். நீ எழுது, நான் பேசுறேன்."

எழுதும்போது எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கலாம். அது எனக்குப் பிடித்திருந்தது.

மார்ச் முதல் தேதி டீச்சர், நாரைக்கான ஆங்கிலச் சொல்லை என்னைப் பலகையில் எழுதவைத்துவிட்டு, தானே திரித்த நூல்களை ஒவ்வொருவர் கையிலும் கட்டினார். அப்பாவின் முறை வந்தபோது அவர் கையைக் கால்சட்டையில் இரண்டு பக்கமும் துடைத்துவிட்டு நீட்டினார்.

"உங்களுக்கு ரெட்டை முடிச்சு. மேல ஏறுறவரு," என்றார் டீச்சர்.

முடிச்சு விழச் சற்று நேரம் பிடித்தது. அவ்வளவு நேரமும் அப்பா மூச்சு விட்ட மாதிரி தெரியவில்லை.

அன்றைய பாடம், ஒரு விஷயம் நமக்குத் தெரியவருவதைச் சொல்லும் வினைச்சொற்கள். நேர்காணலில் கட்டாயம் கேட்பார்களாம், ஓர் ஆபத்தை நீங்கள் கவனித்த கதையைச் சொல்லுங்கள் என்று. நோட்டிஸ், ஃபைண்ட் அவுட், ரெகக்னைஸ், ரியலைஸ் என்று நான் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினேன். அப்பா முகத்தைச் சுளித்தார்.

"எதுக்கு டீச்சர் இத்தன? நமக்கு ஒரே சொல்லுதான். கண்ணால பாத்தாலும் தெரிஞ்சுது, காதால கேட்டாலும் தெரிஞ்சுது, ஷாக் அடிச்சாலும் தெரிஞ்சுது."

"அங்க எப்பப் பாத்தாலும் மழை. வெளிய போக முடியாம உள்ளயே உக்காந்து தனித்தனியாப் பிரிச்சு வச்சிருக்காங்க," என்று டீச்சர் சிரித்தார். "நோட்டிஸ் பண்றது கண்ணோட வேலை. கம்பத்துப் பீங்கான்ல ஒரு விரிசல், போற போக்குல உங்க கண்ணுல படுது. ஃபைண்ட் அவுட் கால் வேலை. நாலு பேரக் கேட்டு, தோண்டித் துருவி எடுக்கணும். ரெகக்னைஸ்னா ஏற்கெனவே தெரிஞ்ச முகம். பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்துல பாத்து, அட, நம்ம ஸ்டோய்கான்னு நினைக்கிறது."

"அந்தக் கடைசி?"

டீச்சர் ஸ்வெட்டர் கையை இழுத்து விரல்களை மூடிக்கொண்டார்.

"அதுல புதுசா எதுவும் நடக்காது. யாரும் வந்து சொல்லவும் மாட்டாங்க. எல்லாம் முன்னாடியே உங்க எதிர்லதான் இருந்திருக்கும். ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு நேரத்துல, அது உள்ள வந்து உக்காந்துக்கும். அதுதான் ரியலைஸ்."

"எனக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் கழிச்சு வந்து உக்காந்துச்சு டீச்சர்," என்றாள் ஸ்டோய்கா. "இன்னும் எந்திரிக்கல."

வகுப்பே சிரித்தது. மற்ற மூன்று சொற்களையும் அப்பா எப்படியோ பிடித்துக்கொண்டார். கடைசிச் சொல் மட்டும் அவருக்குப் படியவே இல்லை. வண்டிக்கு அடியில் குறடை ரியலைஸ் செய்தேன் என்பார். இன்று காலை இரண்டு முட்டை ரியலைஸ் செய்தேன் என்பார். "குறடு கிடைச்சுது டோப்ரி, முட்டை சாப்பிட்டீங்க," என்று டீச்சர் பொறுமையாகச் சொல்வார். அப்பா தலையைச் சொறிவார்.

அடுத்த வகுப்புக்கு அப்பா தன் பங்குக்கு ஒரு மார்தெனிட்சா கொண்டுவந்தார்; மார்ச்சில் கட்டும் அந்தச் சிவப்பு வெள்ளை நூலுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். ஆனால் இது நூலில் செய்தது அல்ல. சிவப்பு உறையும் வெள்ளை உறையும் போட்ட மின்கம்பித் துண்டுகளை முறுக்கி வளையமாக்கியது. நுனியில் செம்பு தெரிந்தது. அதை டீச்சர் மேசை மேல் வைத்துவிட்டு, "கடையில தீந்துபோச்சு," என்றார்.

"அண்ணே, இதுல ஸ்விட்ச் எங்க இருக்கு?" என்று ஸ்டோய்கா கேட்டாள். அப்பாவின் காது சிவந்தது. டீச்சர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், கைப்பையில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். திரும்பி வரும்போது அப்பா எனக்கு முன்னால் வேகமாக நடந்தார்.

நாரை வந்தபோது நான் அங்கே இருந்தேன். வேலை முடிந்து, மீந்த பனிட்சாவைத் தாளில் சுற்றிக்கொண்டு மாவு ஆலைப் பக்கம் போயிருந்தேன். அப்பா கம்பத்தின் உச்சியில் இடுப்புப் பட்டையில் சாய்ந்து நின்று, தட்டின் கடைசி ஆணியை முறுக்கிக்கொண்டிருந்தார். கீழே பென்கோ மாமா கயிற்றைப் பிடித்திருந்தார். வயல் பக்கமிருந்து ஒரு பெரிய நிழல் வந்தது. நாரை ஒரு சுற்று சுற்றிவிட்டு நேராக அந்தத் தட்டில் இறங்கியது. இறக்கையை மடக்கிக்கொண்டு அப்பாவைப் பார்த்தது. அப்பா அதைப் பார்த்தார். நடுவே ஒரு கை நீளம்கூட இடைவெளி இல்லை. பிறகு அது குனிந்து அவருடைய தொப்பியை ஒரு கொத்து கொத்தியது.

பென்கோ மாமா கயிற்றை விட்டுவிட்டுக் கையிலிருந்த நூலை அறுத்தார். ஆலைச் சுவர் ஓரம் பூத்திருந்த பிளம் மரத்தில் கட்டினார். நானும் என்னுடையதைக் கட்டினேன்.

அப்பா இறங்கி வந்தார். பனிட்சாவைப் பிரித்துச் சாப்பிடத் தொடங்கினார்.

"என்னடா, கட்டலையா?" என்றார் பென்கோ மாமா.

"எத?"

"நூலடா! நாரை வந்துருச்சில்ல?"

"எங்க?"

பென்கோ மாமா என்னைப் பார்த்தார், மேலே பார்த்தார், மறுபடி அப்பாவைப் பார்த்தார். "டேய், உன் மண்டையில கொத்துச்சேடா!"

"காத்து," என்றார் அப்பா.

"காத்தா? காத்துக்குச் செவப்பு மூக்கு இருக்குமா? நெவ்யானா, உங்கப்பனுக்கு வெயில் ஏறிருச்சு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

"வேலை நேரத்துல நான் கம்பியத்தான் பாப்பேன். வேற எதையும் பாக்கிறதில்ல."

"இன்னொண்ணும் சொல்றேன் கேட்டுக்க. கையில மோதிரம் கூடாது, வாட்ச் கூடாது, நூல் கூடாதுன்னு எங்க எல்லாருக்கும் பாடம் எடுத்தவன் நீ. இப்ப நீயே கட்டிக்கிட்டு ஏறுற."

அப்பா கையுறையை முழங்கைவரை இழுத்து நூலை மறைத்துக்கொண்டார்.

பென்கோ மாமாவுக்குத் தெரிந்தது ஊருக்கும் தெரிந்தது. பேக்கரிக்கு வருகிறவர்கள் கேட்பது பின்கட்டுவரை எனக்குக் கேட்கும். "டோப்ரி நாரையப் பாத்தாச்சா?" "அவரு கண்ணாடி போடணும்பா." "கொக்கரக்கோன்னு கூவுனா நாரைன்னு நம்புவாரோ என்னவோ." ஊரில் மற்ற எல்லாருடைய நூல்களும் மரங்களில் தொங்கின.

வீட்டில் ஒரு நாள் நானே கேட்டேன். அப்பா கழுவுதொட்டியில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நூலில் சோப்பு படாமல் மணிக்கட்டை உயர்த்திப் பிடித்திருந்தார்.

"அப்பா, நெசமாவே பாக்கலையா?"

"பாத்தா சொல்ல மாட்டேனா?"

"அவுத்துட்டாத்தான் என்ன?"

"கட்டுனவங்க அவ்வளவு கஷ்டப்பட்டுக் கட்டினாங்க. ரெட்டை முடிச்சு," என்றார். பிறகு தண்ணீரை நிறுத்திவிட்டு, "ஸ்காட்லாந்துல நாரை வருமாம்மா?" என்று கேட்டார்.

"தெரியலப்பா."

"வராதுன்னுதான் நினைக்கிறேன்," என்றார். அது அவருக்குச் சந்தோஷமா வருத்தமா என்று எனக்கு விளங்கவில்லை.

அதற்குள் வாசகசாலைப் புகைபோக்கியின் மேலும் ஒரு ஜோடி வந்து இறங்கியிருந்தது. எங்கள் வகுப்பறைக்கு நேர் மேலே. நாரைக்குக் குரல் கிடையாது, தலையைப் பின்னால் சாய்த்து அலகைத்தான் படபடவென்று அடிக்கும். அந்தச் சத்தம் புகைபோக்கி வழியாக உள்ளே இறங்கி, அணைந்த அடுப்பிலிருந்து எங்கள் காலடியில் வந்து விழுந்தது. தகரத்தில் யாரோ கொட்டைகளைக் கொட்டுவதுபோல.

பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா புத்தகத்தைப் பார்த்தார்.

"டீச்சர், அது என்ன சத்தம்?" என்றாள் ஸ்டோய்கா, பச்சைப் பிள்ளைபோல முகத்தை வைத்துக்கொண்டு.

இப்போது டீச்சர் சிரிப்பார், அப்பாவின் நாடகம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்கு ஒண்ணும் கேக்கல. பக்கம் புரட்டுங்க," என்றார்.

பலகையின் உச்சியில் ஒரு சொல்லைச் சுட்டிக்காட்டக் கையை உயர்த்தினார். பக்கத்தில் நின்றதால் நான் மட்டும் பார்த்தேன். ஸ்வெட்டர் கை சரிந்தது. மணிக்கட்டில் அந்த மின்கம்பி வளையம் இருந்தது. செம்பு உரசிய இடத்தில் தோல் பச்சையாகியிருந்தது. அந்தக் கறை ஒரு நாளில் வருவது அல்ல.

டீச்சர் என் கண்ணைப் பார்த்தார். ஸ்வெட்டரை இழுத்து விட்டுக்கொண்டார். நான் பலகைப் பக்கம் திரும்பி, எழுத வேண்டிய சொல்லை மறந்துபோய், ஏற்கெனவே எழுதியதையே மறுபடி எழுதினேன்.

அன்று முதல் எனக்குத் தூக்கம் கெட்டது. அப்பா போகிறார். போகத் தேவையானதை டீச்சரே சொல்லிக்கொடுக்கிறார், அதுவும் ஒழுங்காக, ஒரு சொல் குறையாமல். இரண்டு பேருமே நாரையைப் பார்க்கவில்லை. பார்த்தவள் நான் ஒருத்தி, வாய் வராதவள்.

நேர்காணல் ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம். வாசகசாலையின் கம்ப்யூட்டரைத் துடைத்து வைத்து டீச்சரே இணைப்பைச் சரி செய்தார். அப்பா கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் ஆமாம் என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோம், இல்லை என்பதற்கு மேலும் கீழும். அவர்களுக்கு அது தலைகீழ்.

"தலைய அசைக்கவே அசைக்காதீங்க," என்றார் டீச்சர். "வாயால மட்டும் சொல்லுங்க."

அப்பா கழுத்தில் மாவுக்கட்டு போட்டவர்போல விறைத்தார். டீச்சர் திரைக்குத் தெரியாத பக்கமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அப்பாவுக்குப் பின்னால், புத்தக அலமாரி ஓரமாக நின்றேன்.

திரையில் நரைத்த தலையும் வட்டக் கண்ணாடியுமாக ஓர் அம்மாள் வந்தார். பெயர் மோராக் என்றார். நல்ல முகம். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது, கடுகடுவென்று இருந்திருந்தால் அப்பா தோற்றுவிடுவார் என்று நம்பியிருப்பேன். அப்பா நன்றாகவே பேசினார். பீங்கானில் விரிசலைக் கவனித்த கதையைச் சொன்னார். எந்த லைன் என்று விசாரித்துக் கண்டுபிடித்த கதையைச் சொன்னார். எல்லாச் சொல்லும் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. டீச்சர் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு கேட்டிருந்தார். அவர் சொல்லிக்கொடுத்தது வீணாகவில்லை. நான் அலமாரியைப் பிடித்துக்கொண்டேன்.

"கம்பத்தில் ஏறுவதற்கு முன் எதைச் சரிபார்ப்பீர்கள்?" என்று மோராக் கேட்டார்.

அது அப்பா இருபது ஆண்டுகளாகப் புது ஆட்களுக்கு எடுக்கும் பாடம். உற்சாகமாகிவிட்டார். "முதலில் கை. மோதிரம் இல்லை, வாட்ச் இல்லை, சங்கிலி இல்லை. கையில் எதுவும் இல்லை," என்று சொல்லிக்கொண்டே, பழக்க தோஷத்தில், இரண்டு கைகளையும் விரித்துத் திரைக்கு முன்னால் தூக்கிக் காட்டினார்.

சட்டைக் கை இறங்கியது. அழுக்கேறி, சிவப்பு ரோஜா நிறமாகவும் வெள்ளை சாம்பலாகவும் போயிருந்த நூல் நன்றாகத் தெரிந்தது.

"அது என்ன?" என்றார் மோராக்.

அப்பா கையை இறக்கினார். "இது வழக்கம். மார்ச் மாதம் கட்டுவது. நாரையைப் பார்க்கும்வரை."

"அழகான வழக்கம். இன்னும் நாரை வரவில்லையா உங்கள் ஊருக்கு?"

"இல்லை," என்றார் அப்பா.

அடுப்பிலிருந்து சத்தம் இறங்கியது. இந்த முறை இரண்டு நாரைகளும் சேர்ந்து அடித்தன போலும், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. திரையில் மோராக் ஒரு பக்கமாகக் காதைச் சாய்த்தார்.

"அது என்ன சத்தம்?"

"அடுப்பு," என்றார் அப்பா. அவருடைய கழுத்து சிவந்தது. "பழைய அடுப்பு. மன்னிக்கவும்."

டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவுதான் என்று எனக்குப் பட்டது. இந்தக் கேள்வியைத் தாண்டிவிட்டால் அடுத்த கேள்வி வரும், அதற்கும் அப்பா பதில் சொல்லிவிடுவார், மே மாதம் வரும், பெட்டி கட்டுவோம், எல்லாரும் அடுப்பு என்றே சொல்லிக்கொண்டிருப்போம். தொண்டை பூட்டிக்கொண்டது. எப்போதும்போலத்தான். ஆனால் இந்த முறை அதற்குள் ஒரே ஒரு சொல் இருந்தது, நானே பலகையில் எழுதிப் பழகிய சொல்.

"நாரை," என்றேன் ஆங்கிலத்தில்.

என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. அப்பா தலையை அசைக்கக் கூடாது என்பதை மறந்து முழுதாகத் திரும்பினார்.

"அங்கே யார்?" என்றார் மோராக்.

"என் மகள்," என்றார் அப்பா. என்னைப் பார்த்தபடியே சொன்னார். "பேச மாட்டாள். வெளியாட்கள் முன்னால் பேசவே மாட்டாள்."

"இப்போது பேசினாளே."

"ஆமாம்," என்றார் அப்பா. "பேசினாள்."

மோராக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. "டோப்ரி, நாரை எப்போது வந்தது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மார்ச்சில். ஆலைக் கம்பத்தில். நான் பார்த்தேன். அது என் தொப்பியைக் கொத்தியது."

"பிறகு ஏன் இன்னும் கட்டியிருக்கிறீர்கள்?"

அப்பா நூலைப் பார்த்தார். அதை இப்போதுதான் முதல் முறை பார்க்கிறவர்போலப் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார். டீச்சரின் ஸ்வெட்டர் கை மேலேறி இருந்தது, இழுத்துவிட மறந்திருந்தார். அப்பாவின் பார்வை அங்கே போய் நின்றது. பச்சைக் கறையும் சிவப்பு வெள்ளைக் கம்பியும். 

"மன்னிக்கவும், அம்மா," என்றார் அப்பா திரையைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, கம்பத்தில் கால் வைத்து ஏறுகிறவர்போல. "நான் இப்போது ரியலைஸ் செய்கிறேன். நான் வரவில்லை."

மோராக் சிரித்தார். "புரிகிறது. எங்களுக்கு நஷ்டம்தான். அந்த நாரைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்," என்றார். திரை கறுத்தது.

அப்பா கழுத்துப் பொத்தானைக் கழற்றினார்.

"சரியாச் சொன்னீங்க," என்றார் டீச்சர் கடைசியில். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. "அந்தச் சொல்ல. முதல் தடவையாச் சரியாச் சொன்னீங்க."

"முட்டைக்கு வராதுன்னு தெரிஞ்சுபோச்சு," என்றார் அப்பா.

"இத்தன வாரமா நான்..." என்று தொடங்கிய டீச்சர் நிறுத்திக்கொண்டார். "நீங்க போகணும்னுதானே படிச்சீங்க. நான் எப்படி..."

"உங்களுக்கும் நாரை தெரியலையாக்கும்?"

"எனக்குக் கண்ணு சரியில்ல," என்றார் டீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அப்பா என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் பழைய கவலை திரும்பி வந்திருந்தது. "நெவி, உன் டாக்டர்மா. அதுக்குத்தானே நான்..."

"ரூசேயில ஒருத்தங்க இருக்காங்க," என்றார் டீச்சர். "எங்கூடப் படிச்சவங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

"நீங்க ஸ்காட்லாந்தத் தவிர எதையாவது கேட்டீங்களா?"

அப்பா தலையைச் சொறிந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்துவிட்டேன், டீச்சர் இருக்கும்போதே.

வாசகசாலை முற்றத்தில் ஒரு புளிப்புச் செர்ரி மரம் பூத்து நின்றது. கிளைகளில் ஊராரின் நூல்கள். அப்பா தன் ரெட்டை முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார், முடியவில்லை. டீச்சர் நகத்தால் முயன்றார், பல்லால் கடிக்கலாமா என்று யோசித்தார். அப்பாவின் வேலைப்பையிலிருந்து நான் குறடை எடுத்து வந்து நறுக்கினேன். நூல் இருந்த இடத்தில் தோல் வெள்ளையாக இருந்தது. டீச்சர் கையிலிருந்த கம்பியை அப்பாவே பிரித்தார், ஒவ்வொரு முறுக்காக நிதானமாக, ஏதோ உயர் அழுத்தக் கம்பியைத் தொடுகிறவர்போல. நறுக்கிய நூல் கட்டுவதற்குப் போதாத நீளம். அதைக் கிளையில் வைத்து, மேலே கம்பியைச் சுற்றினார்.

வாசலில் ஸ்டோய்கா அக்கா சாயங்கால வகுப்புக்குச் சீக்கிரமே வந்து, புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"அப்பாடி," என்றாள். "ஒருவழியா நாரை வந்துருச்சா?"

அப்பா என்னைப் பார்த்தார், டீச்சரும் பார்த்தார். ஸ்டோய்கா அக்காவும் பதிலுக்காக என் முகத்தையே பார்த்தாள். தொண்டை ஒரு நிமிஷம் பூட்டிக்கொண்டது. நான் அவசரப்படவில்லை.

"இப்பதான் அக்கா," என்றேன். "இப்பதான் வந்துச்சு."